ஓ-1 விசாவுக்கு வழக்கறிஞரை அமர்த்துவது எப்படி? முதன்முறை விண்ணப்பிப்போருக்கான செய்முறை

அறிவியல், கல்வி, வணிகம், விளையாட்டு ஆகிய துறைகளில் அசாதாரணத் திறமை உடையவர்கள் அமெரிக்காவில் தற்காலிகமாகப் பணியாற்றுவதற்கான ஓ-1ஏ விசா (ஓ-1 விசாவின் ஒரு பிரிவு), 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவானது. எச்-1பி விசாவுக்கு உள்ளதைப் போன்ற ஆண்டு உச்சவரம்போ குலுக்கலோ இதற்கு இல்லை. அதற்கு ஈடாக, துறையின் உச்சியை எட்டிய மிகச் சிலருள் தாமும் ஒருவர் என்பதை விண்ணப்பிப்பவர் ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். இந்தப் பணி முழுவதையும் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்ட வாதத்தைக் கட்டமைப்பது அவர் வேலை. அந்த வாதத்துக்கு வேண்டிய சான்றுகளைத் தேடித் தருவது உங்கள் வேலை. கீழ்க்காணும் படிகள் அனைத்தும் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: தகுதியை நீங்களே மதிப்பிடுங்கள்

நோபல் பரிசு போன்ற உலகறிந்த பெரும் விருது ஒன்று இருந்தால் அதையே அடிப்படையாகக் கொள்ளலாம். இல்லாதவர்கள், விதிகள் கூறும் எட்டு அளவுகோல்களில் குறைந்தது மூன்றை நிறைவு செய்ய வேண்டும். அவை: தேசிய அல்லது சர்வதேச அளவில் மதிக்கப்படும் விருதுகள், சிறந்த சாதனையாளர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் சங்கங்களில் உறுப்பினராயிருத்தல், உங்களையும் உங்கள் பணியையும் பற்றி முக்கிய ஊடகங்களில் வெளியான கட்டுரைகள், பிறர் பணியை மதிப்பிடும் பொறுப்பு, துறையில் பெரிய தாக்கம் விளைவித்த சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், புகழ்பெற்ற நிறுவனத்தில் இன்றியமையாத பொறுப்பு, உயர்ந்த ஊதியம்.

ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் மதிப்பீட்டுப் பொறுப்பும் ஆய்வுக் கட்டுரைகளும் எளிதில் கைகூடும். தடுமாற்றம் வருவது சொந்தப் பங்களிப்பில்தான். சந்தா கட்டினால் யாரும் சேரக்கூடிய சங்கத்தின் உறுப்பினர் அட்டை எதற்கும் உதவாது. மூன்று அளவுகோல்களை எட்டியவுடன் ஒப்புதல் உறுதி என்றும் எண்ண வேண்டாம். அதன் பிறகு மனுவைப் பரிசீலிக்கும் குடிவரவு அதிகாரி எல்லாச் சான்றுகளையும் ஒருசேர வைத்து, உண்மையிலேயே உச்சியில் இருப்பவரா என்று எடை போடுவார்.

இரண்டாம் படி: மனுதாரர் யார் என்பதை முடிவு செய்யுங்கள்

இந்த விசாவுக்கான மனுப் படிவமான ஐ-129ஐ உங்கள் பெயரில் நீங்களே தாக்கல் செய்ய இயலாது. அமெரிக்க நிறுவனமோ அமெரிக்க முகவரோ மனுதாரராக இருக்க வேண்டும். நீங்கள் தொடங்கிய தனி நிறுவனம் உங்களுக்காக மனுச் செய்யலாம். அதில் வேலை உண்மையானது என்பதை ஆவணங்களால் காட்ட வேண்டும். பல இடங்களில் பணியாற்றப் போகிறவர்களுக்கு முகவர் வழி பொருத்தமானது.

மூன்றாம் படி: வழக்கறிஞரைத் தேர்ந்தெடுங்கள்

குடிவரவுச் சட்டம் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் என்பதால், எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞரும் உங்கள் வழக்கை எடுக்கலாம். உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை அந்த மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். உரிமமில்லாத ஆலோசகர்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கவோ உங்கள் சார்பில் வாதாடவோ அதிகாரம் இல்லை. ஜி-28 படிவத்தில் கையெழுத்திட்டுத் தம்மைப் பிரதிநிதியாக அறிவிக்கத் தயங்குகிறவரை விட்டு விலகிவிடுங்கள். ஒப்புதல் கிடைக்கும் என்று உத்தரவாதம் தருபவரையும் அவ்வாறே தவிர்க்க வேண்டும். முடிவு அதிகாரியின் கையில் இருக்கும்போது அத்தகைய வாக்குறுதியை நேர்மையான எவரும் தரமாட்டார்.

முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் துறையைச் சேர்ந்தவர்களின் மனுக்களைக் கையாண்ட அனுபவம் உண்டா? மனுக் கடிதத்தை எழுதப்போவது அவரா, உதவியாளரா? கூடுதல் சான்று கேட்கப்பட்டால் அதற்குப் பதில் எழுதுவது அதே கட்டணத்தில் அடங்குமா? பெரும்பாலும் ஒரே வழக்கறிஞரே, மனுச் செய்யும் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் சேர்த்துச் செயல்படுவார். இருவரின் நலன்களும் முரண்பட்டால் என்ன செய்வார் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

நான்காம் படி: சான்றுகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் திரட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனிக் கோப்புறை வைத்து, அதில் மூல ஆவணத்தையும், அதன் மதிப்பை விளக்கும் ஆவணத்தையும் இணைத்து வையுங்கள். விருதுச் சான்றிதழ் மட்டும் போதாது. எத்தனை பேர் போட்டியிட்டார்கள், யார் தேர்ந்தெடுத்தார்கள், தகுதி விதிகள் என்ன என்பதும் வேண்டும். பிறமொழி ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது, தமக்கு அதற்கான மொழித்திறன் உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட சான்றும் தேவை.

பரிந்துரைக் கடிதங்களில் பலர் கோட்டைவிடுவது புகழ்ச்சியில். "இவர் மிகச் சிறந்த ஆய்வாளர்" என்னும் வாக்கியம் அதிகாரிக்கு எதையும் சொல்வதில்லை. உங்கள் முறையை எந்த ஆய்வுக்குழு எடுத்துக்கொண்டது, அதற்கு முன் அவர்களால் எதைச் செய்ய முடியவில்லை, இப்போது என்ன மாறியது என்று விளக்கும் ஒரு பத்தி அதைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. உங்களுடன் பணியாற்றியவர்கள் மட்டுமன்றி, உங்கள் பணியைத் தொலைவிலிருந்து அறிந்து பயன்படுத்தியவர்களும் எழுத வேண்டும். வழக்கறிஞர் வரைவு தயாரித்தாலும், எல்லாக் கடிதங்களும் ஒரே நடையில் அமைந்துவிடாதபடி எழுதுபவரைக் கொண்டே திருத்தச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மனுவைத் தாக்கல் செய்யுங்கள்

பணி ஒப்பந்தத்தின் நகல், பணிகளின் விவரம், உங்கள் துறையைச் சேர்ந்த குழுவின் கருத்துக் கடிதம் ஆகியவற்றுடன் மனு செல்லும். பணி தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்னதாகத் தாக்கல் செய்ய இயலாது. 45 நாட்களுக்குக் குறையாமல் முன்கூட்டியே அனுப்புவது நல்லது. விரைவுச் சேவைக்குத் தனிக் கட்டணம் செலுத்தினால் 15 வேலை நாட்களுக்குள் அதிகாரியின் நடவடிக்கை வரும். அது ஒப்புதலாகவே இருக்கும் என்பதில்லை, கூடுதல் சான்று கோரும் கடிதமாகவும் இருக்கலாம்.

அத்தகைய கடிதம் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பதில் அளிக்க அதிகபட்சம் 84 நாட்கள் தரப்படுவதுண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பதிலில் அனுப்ப வேண்டும் என்பதால், வழக்கறிஞருடன் அமர்ந்து ஒவ்வொரு ஐயத்துக்கும் தனித்தனியே ஆவணம் தேடுங்கள்.

ஆறாம் படி: ஒப்புதலுக்குப் பின்

முதலில் மூன்று ஆண்டுகள் வரையும், பின்னர் பொதுவாக ஓராண்டு வீதமும் அனுமதி கிடைக்கும். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓ-3 உண்டு. அதில் வேலை செய்ய முடியாது. பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசாவின் ஈராண்டுத் தாய்நாட்டு வசிப்பு நிபந்தனை உங்களுக்கு இருந்தால், அமெரிக்காவிலிருந்தபடியே ஓ-1 நிலைக்கு மாற இயலாது. வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் விசா பெற்று நுழைய வேண்டும். எனவே இந்த நிபந்தனை உங்களுக்கு உண்டு என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இடையில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. நீங்களாக விலகாமல் நிறுவனமே நீக்கியிருந்தால், நாடு திரும்புவதற்கான நியாயமான பயணச் செலவை நிறுவனமும் மனுதாரரும் ஏற்க வேண்டும்; பணி ஒப்பந்தத்தில் இதற்கு முரணான வாசகம் இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.