சுவிச் போட்டுக்குப் பூட்டுப் போடுறது: 802.1எக்ஸ்

வைஃபைக்கு முழ நீளத்தில பாஸ்வேர்ட் வச்சிருக்கிற ஒபிசில கூட சுவரில இருக்கிற நெட்வேர்க் சொக்கெட் சும்மா திறந்துதான் கிடக்கும், ஆர் வந்து வயரைக் கொழுவினாலும் உள்ளுக்க போயிடலாம். அந்தச் சொக்கெட்டுக்குப் பூட்டுப் போடுற முறைதான் 802.1எக்ஸ். கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு இடத்துக்கு இதைச் செய்து குடுக்கேக்க பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லுறன், சிஸ்கோ சுவிச் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

கொழுவுற கொம்பியூட்டர் தன்ர பேரைச் சொல்லும், சுவிச் அதைக் கொண்டுபோய் ஆரை உள்ளுக்க விடலாம் எண்டு சொல்லுற றேடியஸ் சேர்வரிட்ட கேக்கும், அது ஓம் எண்டால்தான் போட், அதாவது சுவிச்சில வயர் கொழுவுற ஓட்டை, திறக்கும்.

முதல்ல சேர்வர். ஃபிறீறேடியஸ் எண்ட றேடியஸ் சொஃப்ட்வெயர் இலவசம், பழைய கொம்பியூட்டரே காணும். சுவிச்சின்ர ஐபியையும் ஒரு ரகசியச் சொல்லையும் அதில போட்டு, அதே சொல்லை சுவிச்சிலயும் போடுங்கோ. சேர்வரைக் கூப்பிடுற போட் நம்பர் யூடிபி 1812 எண்டு சுவிச்சில கையால எழுதிவிடுங்கோ, சிஸ்கோ சுவிச்சில ஓடுற பழைய ஐஓஎஸ் சொஃப்ட்வெயர் தானா 1645ஐத்தான் போய்த் தட்டும்.

பேந்து சுவிச். சுவிச்சின்ர லொகின் முறையை மாத்துற ‘ஏஏஏ நியூ-மொடல்’ அடிக்க முன்னம் லோக்கல் யூசர் ஒண்டு செய்து வையுங்கோ, நான் அவசரத்தில மறந்துபோய் சுவிச்சுக்குள்ள போகேலாமல், நேரா அதில கொழுவுற கொன்சோல் கேபிள் எடுக்க வீட்டுக்கு ஓடினனான். டொட்1எக்ஸுக்கு (சுவிச்சில 802.1எக்ஸின்ர பேர்) றேடியஸைக் கேள் எண்டு சொல்லிப்போட்டு ‘டொட்1எக்ஸ் சிஸ்டம்-ஓத்-கொன்ட்ரோல்’. போட்டை அக்சஸ் மோடுக்கு மாத்தி ‘ஓதென்டிகேஷன் போட்-கொன்ட்ரோல் ஓட்டோ’, ‘டொட்1எக்ஸ் பிஏஇ ஓதென்டிகேட்டர்’. மற்ற சுவிச்சுக்குப் போற வயர்ல மட்டும் கை வைக்காதேங்கோ. எடுத்த உடன பூட்டவும் வேண்டாம், ஃபெயில் ஆனாலும் உள்ளுக்க விடுற ‘ஓதென்டிகேஷன் ஓப்பன்’ போட்டு ஒரு கிழமை ஆர் ஆர் ஃபெயில் ஆகினம் எண்டு பாருங்கோ.

விண்டோஸில வயர்ட் ஓட்டோகொன்ஃபிக் எண்ட சேர்விஸ் தானா ஓடாது, அதை ஓட்டோமெட்டிக் ஆக்காட்டி 802.1எக்ஸ் செட்டிங் இருக்கிற ‘ஓதென்டிகேஷன்’ டாப்பே தெரியாது, கன பேர் மண்டையப் போட்டு உடைக்கிறது இதிலதான்.

பழைய பிறின்ரருக்கு 802.1எக்ஸ் விளங்காது, அதுக்கு மேக் அட்ரஸை வச்சு விடுற ‘மாப்’ போடோணும். சுவிச் 30 செக்கன்படி மூண்டு தரம் கூப்பிட்டுப் பாத்திட்டுத்தான் மாப்புக்குப் போகும், அந்த ஒண்டரை நிமிஷத்துக்குள்ள பிறின்ரர் ஐபி கேட்டுக் களைச்சிடும், அந்த 30 செக்கனைத் தீர்மானிக்கிற ‘டிஎக்ஸ்-பீரியட்’டை 10 ஆக்குங்கோ. மேக் அட்ரஸை ஆரும் கொப்பி அடிக்கலாம், அதால பிறின்ரர் எல்லாத்தையும் தனி விலானில (ஒரே சுவிச்சுக்குள்ள பிரிச்சு வைக்கிற தனி நெட்வேர்க்) தள்ளிவிடுறது நல்லம்.

கடைசியா கரண்ட். போய் வந்தால் சுவிச் எழும்பியும் சேர்வர் எழும்பாமல் கிடக்கும், ஒபிஸ் முழுக்க வெளியில நிக்கும். சேர்வருக்கு யூபிஎஸ் குடுங்கோ, இல்லாட்டி றேடியஸ் செத்திருந்தால் எந்த விலானில விடுறது எண்டு போட்டிலயே எழுதி வையுங்கோ.