லேன் கேபிள் போட்டும் நெட் விட்டு விட்டு வருகிறதா? முதலில் கோளாறு இருக்கும் இடத்தைப் பிடிப்போம்

நெட் மொத்தமாகப் போய்விட்டால் ஒரு வகையில் நிம்மதி, எங்கே போயிற்று என்று தேடிப் பிடித்துவிடலாம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அரை நிமிடம் செத்து, தானாக உயிர் வந்து, வீடியோ மீட்டிங்கில் நாம் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து மறுபடி படுத்துக்கொள்கிற இணைப்புதான் உயிரை வாங்கும். அதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. நீங்கள் ரவுட்டரை அணைத்துப் போடும்போதோ டிரைவரை (லேன் போர்ட்டை இயக்கும் மென்பொருளை) மாற்றும்போதோ தற்செயலாக நெட் ஒழுங்காக வந்துவிடும், ஆஹா இதனால்தான் சரியானது என்று நம்பிவிடுவீர்கள், மறுநாள் பழைய கதை. அதனால் நான் சொல்லப்போகும் முறையில் ஒரே ஒரு பிடிவாதம்: எந்த இடத்தில் கோளாறு என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். தெரிந்த பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

உங்களுடையது விண்டோஸ் 10 அல்லது 11 கணினி, வீட்டுக்கு வருவது ஃபைபர் இணைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். பாதையில் நான்கு இடங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் ஃபைபர், அது வந்து சேரும் பெட்டி (ஓஎன்டி, மோடம், ரவுட்டர் என்று ஆளுக்கொரு பெயர், நான் ரவுட்டர் என்றே சொல்கிறேன்), அதிலிருந்து வரும் லேன் கேபிள், கடைசியாகக் கணினியின் லேன் போர்ட்டும் அதன் டிரைவரும்.

படி 1: போனையும் விளக்குகளையும் பாருங்கள்

நெட் போகும் அந்த நொடியில், அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் போனில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். முக்கியம்: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிட்டு உங்களைக் குழப்பும். போனிலும் நெட் போயிருந்தால் உங்கள் கேபிளும் கணினியும் பெரும்பாலும் நிரபராதி. ரவுட்டரில் லாஸ் (எல்-ஓ-எஸ்) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் அல்லது பான் (பி-ஓ-என்) விளக்கு நிலையாக எரியாமல் துடித்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஒளியே சரியாக வரவில்லை. ஃபைபர் எங்காவது மடங்கியிருக்கலாம், நசுங்கியிருக்கலாம். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது, நேராக படி 6.

போனில் நெட் இருக்கிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால் கணினியின் பின்பக்கம் லேன் போர்ட்டில் இருக்கும் குட்டி விளக்கைப் பாருங்கள். நெட் போகும்போது அந்த விளக்கும் அணைந்தால், அல்லது கேபிள் பிடுங்கப்பட்டதாக விண்டோஸ் சொன்னால், கேபிளும் அதன் இரண்டு முனைகளும்தான் முதல் சந்தேகம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் நெட் இல்லை என்றால் அடுத்த படி தேவை.

படி 2: இரண்டு பிங் ஜன்னல்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், சோம்பல்படாமல் செய்யுங்கள். விண்டோஸ் பட்டனை அழுத்தி சி-எம்-டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து எண்டர் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். அதில் ஐபிகான்ஃபிக் (ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி) என்று தட்டுங்கள். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் வரும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி.

இப்போது அதே ஜன்னலில் பிங் (பி-ஐ-என்-ஜி, ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), ஒரு இடைவெளி, அந்த கேட்வே எண், இன்னொரு இடைவெளி, பிறகு ஒரு கழித்தல் குறியும் ஒட்டி ஆங்கில டி எழுத்தும். எண்டர். கடைசியில் உள்ள அந்த டி போட்டால்தான் நான்கு முறையோடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்குக் கொடுங்கள், அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் தடுமாறும்போது திரும்பிப் பாருங்கள்.

இரண்டிலும் ஒரே நேரத்தில் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் வருகிறதா, அப்படியானால் உங்கள் கணினியால் ரவுட்டரைக்கூடத் தொட முடியவில்லை, கோளாறு வீட்டுக்குள்தான்: கேபிள், போர்ட், டிரைவர், அல்லது ரவுட்டரே தொங்கிப்போகிறது. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் போனால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம், கேபிளை மாற்றிப் பயனில்லை. இரண்டுமே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிரவுசரில் மட்டும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல். நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

நேரத்தையும் கவனியுங்கள். கேபிள் வழியாக ரவுட்டர் பதில் சொல்ல பொதுவாக ஒரு மில்லிசெகண்ட் அளவுதான் ஆக வேண்டும். அதுவே திடீர் திடீரென்று ஐம்பது, இருநூறு என்று குதித்தால், பதில் வந்தாலும் உள்ளே ஏதோ சரியில்லை. ஒரு எச்சரிக்கை: சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். நெட் நன்றாக ஓடும்போதும் முதல் ஜன்னலில் பதிலே வரவில்லை என்றால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 3: கேபிள்

என்னைக் கேட்டால், வீட்டுக்குள் கோளாறு என்று தெரிந்தால் டிரைவர் பக்கமே போகாமல் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் எல்லாரும் டிரைவர் அப்டேட் என்றே ஆரம்பிப்பார்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லேன் கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கனெக்டரில், ஆர்ஜே45 என்பார்கள், ஒரு சின்ன நாக்கு இருக்கும். போர்ட்டில் செருகும்போது டிக் என்று சத்தம் வருவது அதனால்தான். அது உடைந்திருந்தால் மேசையை நகர்த்தினாலே கனெக்டர் ஒரு மயிரிழை பின்னால் வந்துவிடும், பார்ப்பதற்குச் செருகியது போலவே இருக்கும். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனைகளையும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பதில் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அடுத்து வேகம். விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, என்-சி-பி-ஏ, புள்ளி, சி-பி-எல் என்று டைப் செய்தால் நெட்வொர்க் இணைப்புகள் திறக்கும். ஈதர்நெட்டை இரண்டு முறை கிளிக் செய்தால் ஸ்பீட் என்று ஒரு வரி. இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் வேகம் தாங்குவது) என்றால் 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்ட வேண்டும். அங்கே 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால், அல்லது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறினால், கேபிளுக்குள் ஏதோ ஒரு கம்பி தொடர்பு விட்டிருக்கிறது. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் நெட் நிற்காது, வேகம் குறைந்து ஓடும், சில நேரம் கிகாபிட்டுக்கு ஏற முயன்று விழுந்து விழுந்து எழும். ஆனால் அவசரப்பட்டுக் கேபிளைத் திட்டாதீர்கள், சில ரவுட்டர்களில் ஒரு லேன் போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கும். போர்ட்டை மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேபிள் போகும் வழியையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். கதவிடுக்கில் நசுங்குகிறதா, கட்டில் கால் அதன் மேல் நிற்கிறதா, எலி கடித்திருக்கிறதா, மொட்டை மாடி வழியாக வெயிலில் காய்ந்து மேலுறை வெடித்திருக்கிறதா, நடுவில் யாராவது கம்பிகளை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்களா. கரண்ட் வயர் போகும் அதே பைப்புக்குள் லேன் கேபிளையும் இழுத்திருந்தால் அதைத் தனியாகப் பிரிப்பது நல்லது, பாதுகாப்புக்கும்தான். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும், அது எளிதில் ஒடியும், வாங்காதீர்கள். முழுச் செம்பில் கேட் 5ஈ அல்லது கேட் 6 வீட்டுக்குத் தாராளம், 100 மீட்டர் வரை தாங்கும்.

சந்தேகம் தீர ஒரே வழி உண்டு. கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டர் பக்கத்தில் வைத்து, நன்றாக இருக்கும் வேறொரு குட்டைக் கேபிளால் இணைத்து, மறுபடி பிங் போடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பிங் விழாமல் ஓடினால் பழைய கேபிள்தான் குற்றவாளி. அதன் முனையை மட்டும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தாலே (புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்தினாலே) பல நேரம் போதும். நீங்களே செய்வதானால் வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கனெக்டரின் நாக்கு கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம். இரண்டு முனையிலும் ஒரே வரிசை.

படி 4: கணினி

குட்டைக் கேபிளிலும் பிங் விழுந்தால், ரவுட்டரின் வேறு போர்ட், முடிந்தால் அதே கேபிளில் வேறொரு லேப்டாப். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடினால் உங்கள் கணினிதான்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸில் உங்கள் லேன் கார்டை (ரியல்டெக் அல்லது இன்டெல் என்று ஆரம்பிக்கும்) இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருந்தால் டிஸேபிள். சில நிமிடம் சும்மா இருந்தால் நெட் போகிறது என்பவர்களுக்கு இது பெரும்பாலும் வேலை செய்யும். தீரவில்லை என்றால் டிரைவரை மதர்போர்டு அல்லது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். நெட்வொர்க் ரீசெட்டை (விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதை) எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அதிலும் தீராவிட்டால் ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிப் போட்டு வேலையைப் பாருங்கள்.

படி 5: முகவரிக் குழப்பம், கரண்ட்

ஐபிகான்ஃபிக்கில் உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கையால் ஐபி கொடுத்து வைத்திருந்தால் தானாகப் பெறும்படி மாற்றுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்று அடிக்கடி நடக்கும். புது ஃபைபர் பெட்டி வந்த பிறகு, பழைய வைஃபை ரவுட்டரை வீணாக்குவானேன் என்று, புதுப் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி விடுவோம். இரண்டுமே முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். எது முந்துகிறதோ அதன்படி ஒரு நேரம் நெட் வரும், ஒரு நேரம் வராது. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் ஐபியையும் வேறாக மாற்றினால் போதும், வீட்டில் சண்டை தீரும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் மட்டும் நெட் போகிறதா? அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி தொடங்குகிறது. அதன் விளக்குகளைப் பார்த்தாலே தெரியும். ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யுபிஎஸ் ஒன்று போடுங்கள், வோல்ட் எண் பழைய அடாப்டரில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கரண்ட் போகாமலே ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் அடாப்டர் தளர்ந்திருக்கலாம்.

படி 6: புகார் கொடுக்கும்போது

நெட் சரியில்லை என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்பார்கள். ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 விழுகிறது, இன்ன இன்ன நேரத்தில் என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள், இரண்டு ஜன்னலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வருகிற ஆளிடம் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பொதுவான ஜிபான் (வீடுகளுக்கு வரும் ஃபைபர் வகை) இணைப்பில் அது மைனஸ் 27 டிபிஎம்மை (ஒளியை அளக்கும் அலகு) நெருங்கினாலோ அதற்கும் கீழே, மைனஸ் 28, 29 என்று போனாலோ ஒளி பலவீனம், ஜாயின்ட்டையோ ஃபைபரையோ அவர்கள்தான் பார்க்க வேண்டும். சரிசெய்துவிட்டோம், புகாரை மூடட்டுமா என்று உடனே கேட்பார்கள். ஒரு நாள் பிங் ஓடட்டும் சார், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.