சதுப்புநிலச் சூரியகாந்தியை வளர்க்கும் முறை

சூரியகாந்தி என்றதும், ஒற்றைத் தண்டில் தட்டைப் போல் ஒரு பூவைத் தாங்கி, விதை முற்றியதும் காய்ந்துபோகும் செடியே பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலிருந்து தெற்கே புளோரிடா வரையிலும், மேற்கே டெக்சாஸ் வரையிலும் ஈரநிலங்களில் தானாகவே வளரும் சதுப்புநிலச் சூரியகாந்தி அத்தகையது அன்று. ஆண்டுதோறும் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும் இது, 5 முதல் 8 அடி உயரம் வளர்ந்து, கோடைப் பூக்கள் ஓய்ந்த பின், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, நடுவில் கருஞ்சிவப்பு வட்டம் கொண்ட சிறு மஞ்சள் பூக்களை நூற்றுக்கணக்கில் பூக்கிறது. ஹீலியாந்தஸ் அங்குஸ்டிஃபோலியஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். பின்சொல்லுக்கு ‘குறுகிய இலையுடையது’ என்று பொருள்.

மழைநீர் தேங்கும் பள்ளம், குளக்கரை, வடிகால் ஓரம் என மற்ற செடிகள் அழுகும் இடங்களே இதற்கு ஏற்றவை. ஆனால் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். உரம் மிகுந்தாலும் அதே கதிதான் என்பதால், நட்டபோது சிறிது மட்கிய எரு இட்டால் போதும். உறைபனி நீங்கிய வசந்தத்தில் இரண்டு, மூன்று அடி இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கும் முதல் ஆண்டில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் இலையுதிர் காலத்திலேயே வெளியில் விதைத்துவிடலாம். குளிர்காலத்தின் ஈரக்குளிர் முளைப்புக்கு உதவும்.

பலரும் தவறவிடும் வேலை ஜூன் மாதக் கத்தரிப்பு. நன்கு வளர்ந்த செடியைப் பாதியாக வெட்ட மனம் வராதுதான். எனினும், பகல் குறுகத் தொடங்கிய பின்னரே இது மொட்டு விடுவதால், ஜூனில் வெட்டினால் பூ குறைவதில்லை. மாறாக, வெட்டிய இடத்திற்குக் கீழே பல கிளைகள் பிரிந்து, செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் நின்று, முட்டுக்கொம்பின்றியே காற்றைத் தாங்கும். ஜூலை கடந்து வெட்டினால் மொட்டுகளையே இழக்க நேரிடும்.

நிலத்தடித் தண்டுகளால் இது வேகமாகப் பரவும் என்பதால், சிறிய பாத்திகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத்தில் தோண்டி, ஓரத்துத் தளிர்களைப் பிரித்து வேறிடத்தில் நடலாம். பூத்து முடிந்த தண்டுகளை உடனே வெட்டாமல் குளிர்காலம் கழியும் வரை விட்டுவைத்தால், தங்கச் சிட்டு போன்ற பறவைகள் விதைகளை உண்ண வரும்.