பதின்வயது சூப்பர் ஹீரோயின்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காமிக்ஸுக்குக் கதை எழுத உட்காருகிறவர்கள், பதின்வயது நாயகி என்றதும் முதலில் அவளுடைய சக்தி என்ன என்றுதான் யோசிக்கிறார்கள். பறப்பாளா, நெருப்பைக் கக்குவாளா? அடுத்து உடை, அதற்கடுத்து வில்லன். எல்லாம் முடிந்தபிறகு மிச்சமிருக்கும் கட்டங்களில் ஓர் அம்மா, ஓர் அப்பா, பேச்சுத்துணைக்கு ஒரு தோழி. இந்த வரிசையே தலைகீழ். அது ஏன் என்று புரிந்துகொள்ள மார்வெல்லின் கமலா கானைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவளை நன்றாக எழுதியவர்களும் உண்டு, கோட்டைவிட்டவர்களும் உண்டு.

2013-இல் 'கேப்டன் மார்வெல்' இதழ் ஒன்றில் தலைகாட்டிய கமலாவுக்கு 2014 பிப்ரவரியில் 'மிஸ் மார்வெல்' என்று தனித்தொடர் வந்தது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. முதல் பக்கத்தில் சண்டை கிடையாது. ஜெர்சி சிட்டியில் ஒரு கடை. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், 16 வயது, பன்றி இறைச்சி சாண்ட்விச்சை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடப் போவதில்லை, வாசனை மட்டும்தான். பக்கத்தில் தோழி நக்கியா, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நண்பன் புரூனோ. ஆசை, கட்டுப்பாடு, வீம்பு எல்லாவற்றையும் அந்த மூக்கே சொல்லிவிடுகிறது. அவளுக்குச் சக்தி வருவதற்கு முன்பே அவள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்யாமல் இரண்டாம் பக்கத்திலேயே மின்னலை இறக்குவதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு, சக்தியைப் பரிசாகக் கொடுப்பது. கூச்சக்காரிக்குச் சக்தி கிடைக்கிறது, மறுநாளே நிமிர்ந்து நடக்கிறாள் என்று எழுதுவது சுலபம். வில்சன் செய்தது வேறு. வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றங்கரை விருந்துக்குப் போன கமலா, அங்கே அவமானப்பட்டுத் திரும்பும் வழியில், அவளுக்குச் சக்தி தரப்போகும் மூடுபனியில் மாட்டிக்கொள்கிறாள். மயக்கத்தில் எதிரே வந்து நிற்கும் கேப்டன் மார்வெல், கமலா கொண்டாடும் சூப்பர் ஹீரோயின், சூஃபிக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் கவிதை வரிகளைச் சொல்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு, உன்னைப்போல ஆகவேண்டும் என்கிறாள் கமலா. அப்படியே ஆகியும்விடுகிறாள்: பொன்னிறக் கூந்தல், நீச்சலுடை மாதிரியான பழைய சீருடை, தொடைவரை பூட்ஸ். அடுத்த இதழிலேயே எல்லாம் கசந்துபோகிறது. முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது, உடை இழுத்துப்பிடிக்கிறது. ஆசைப்பட்டது கிடைத்தும் அதற்குள் அவளால் இருக்கமுடியவில்லை. தன்னை மட்டம்தட்டிய ஸோயி தண்ணீரில் விழும்போது காப்பாற்றப் பாய்வதும் இதே கோலத்தில்தான். அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது, ஓர் உயிரைக் காப்பாற்றுவது மனித குலத்தையே காப்பாற்றுவதற்குச் சமம் என்ற குர்ஆன் வசனம். பிற்பாடு ஒரு புர்கினியை, அதாவது உடலை முழுக்க மூடும் நீச்சலுடையை, வெட்டித் தைத்துத் தனக்கென்று சீருடை செய்துகொள்கிறாள். அவள் வளர்ந்தாள் என்பதற்கு அந்த உடையே சாட்சி.

இன்னொன்று: அவளுக்குக் கிடைத்த, உடல் விரிந்து சுருங்கும் சக்தி அந்த வயதுக்கு எவ்வளவு பொருத்தம்! தன் கையும் காலும் தன் பேச்சைக் கேட்காத வயதில் கை நிஜமாகவே பிரம்மாண்டமாகிறது. 2022-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் இதை ஒளிக்கட்டிகளாக மாற்றினார்கள். திரைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவஸ்தை போய்விட்டது என்பது என் கட்சி.

பெற்றோரைச் சிறைக்காவலர்களாக்குவது மூன்றாவது சறுக்கல். புலம்பெயர்ந்த குடும்பம், அதிலும் முஸ்லிம் குடும்பம் என்றால் எழுதுகிறவர்களின் கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது. கமலாவின் அப்பா யூசுப் கண்டிப்பானவர், மகளிடம் உருகுகிறவரும் அவரே. அண்ணன் ஆமிர் எந்நேரமும் தொழுகை என்றிருப்பவன், ஆனால் கதையில் வில்லன் அல்ல. மசூதியின் ஷேக் அப்துல்லாவிடம் அனுப்பப்பட்ட கமலா, நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் போகிறாள். அவரோ ஒரு குருவைத் தேடிக்கொள் என்கிறார். (குருவாக வந்து சேர்பவர், எக்ஸ்மென் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் வுல்வரின்!) அம்மா முனீபாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னால், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறாள். ரகசியம் உடையும் காட்சி என்றாலே கூச்சலும் அழுகையும் என்று எழுதிப் பழகியவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்கலாம்.

பிரதிநிதித்துவம் என்ற பாரத்தை அவள் தலையில் ஏற்றி, சிரிப்பையே மறந்துவிடுவதும் உண்டு. கமலாவின் முதல் பெரிய எதிரி தாமஸ் எடிசனின் குளோன், அதுவும் பறவைத் தலையோடு. படு அபத்தம். ஆனால் அவன் இளைஞர்களை மின்கலங்களாகப் பயன்படுத்துகிறான், அவர்களும் மனமுவந்து சம்மதிக்கிறார்கள். உங்கள் தலைமுறை பூமிக்குப் பாரம் என்று சொல்லிச் சொல்லி நம்பவைத்திருக்கிறான். வில்லனின் தலை கிறுக்குத்தனமாக இருக்கலாம், அவன் எழுப்பும் கேள்வி அந்த வயதின் வயிற்றைக் கலக்கவேண்டும். இந்தத் தொடரின் முதல் தொகுப்பு 2015-இல் அறிபுனைக்கான ஹியூகோ விருது வாங்கியது சும்மா இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நாயகியைத் தப்பே செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருப்பது. 2016-இன் 'சிவில் வார் 2' கதையில், குற்றம் நடக்கும் முன்பே ஆட்களைப் பிடிக்கும் திட்டத்தில் கேரல் டான்வர்ஸ், அதாவது கமலா தெய்வமாக நினைத்த கேப்டன் மார்வெல், அவளைச் சேர்க்கிறாள். கமலாவும் சரி என்கிறாள். கூடப் படிக்கும் பையன் ஒருவனையே அடைத்துவைக்கிறார்கள். அவனை வெளியே கொண்டுவர முயன்ற புரூனோ வெடிவிபத்தில் படுகாயமடைகிறான். மன்னிப்பு கேட்டால் சரியாகிவிடுகிற விஷயம் இல்லை இது. நட்பு முறிகிறது, அவன் வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டுக்குப் படிக்கப் போய்விடுகிறான். கேரல் மேல் வைத்திருந்த பக்தியும் உடைகிறது. முதல் இதழில் அவளைப்போல ஆகவேண்டும் என்றவள், இப்போது அவளை எதிர்த்து நிற்கிறாள். வில்லனை வீழ்த்தி வந்த முதிர்ச்சி அல்ல இது. தான் செய்ததன் விலையை வேறொருவன் தன் உடம்பால் கொடுத்ததைப் பார்த்து வந்தது. பல தொடர்கள் இந்த இடத்தில் பயந்துவிடுகின்றன, வாசகர்கள் நாயகியை வெறுத்துவிடுவார்களோ என்று.

வில்சன் 2019-இல் விடைபெற்றார். 2023 மே மாதம் கமலாவைக் கொன்றார்கள். எங்கே? அவளுடைய தொடரில் அல்ல, 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 26-ஆம் இதழில். ஸ்பைடர்மேனின் முன்னாள் காதலி மேரி ஜேனின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பதிலாகச் சாகிறாள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரில் அவள் ஒரு துணைப் பாத்திரம். அம்மா, அண்ணன், புரூனோ, நக்கியா என்று இத்தனை வருடம் கட்டிய உறவுகள் எதுவும் அந்த மரணத்துக்குக் காரணமாக இல்லை. அடுத்தவர் கதையில் சோகம் கூட்டுவதற்காக அவளைச் செலவழித்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் எக்ஸ்மென் இதழில் உயிரோடு திரும்பினாள், இப்போது மியூட்டன்ட்டும் (பிறவியிலேயே சக்தி கொண்டவள்) ஆகிவிட்டாள். பிறகு வந்த 'தி நியூ மியூட்டன்ட்' குறுந்தொடரை சபீர் பீர்சாதாவோடு சேர்ந்து எழுதியவர், தொலைக்காட்சியில் கமலாவாக நடித்த இமான் வெல்லானி. அவளை அக்கறையோடு எழுத ஆள் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்; அந்த மரணத்தையும் இப்படிப்பட்டவர்கள் கையில், அவளுடைய சொந்தத் தொடரில் கொடுத்திருக்கலாம்.