வெள்ளி ரூபாயைத் தேய்க்காதீர்கள்: நிறமேறிய நாணயத்தைப் பார்க்க, வாங்க, காக்க

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் அப்பாயியின் டிரங்குப் பெட்டியைப் பிரித்தபோது, அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லாத காலத்தில் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைத்து, அப்படியே மறந்துபோன காசு. அவிழ்த்தால் 1919-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். விளிம்பில் நீலம், அதற்கு உள்ளே கத்தரிப்பூ நிறம், நடுவில் இளம் பொன். துணியின் இழைத் தடம்கூட ராஜாவின் கன்னத்தில் மெலிதாகப் பதிந்திருந்தது.

"கறுத்துப் போச்சுடா, கொஞ்சம் திருநீறு போட்டுத் தேய்" என்றார் அத்தை. நான் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில், பொங்கலுக்கு வெள்ளிச் சாமான் துலக்கிய அன்று, இன்னொரு ரூபாயை நானே திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறேன். அன்று பளிச்சென்று இருந்தது. இன்று லென்ஸில் பார்த்தால் முகம் முழுக்க ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். அது இனி மாறாது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் நாலு வெள்ளிக் காசு இருந்தாலும் சரி, புதிதாகச் சேர்க்க நினைத்தாலும் சரி, இந்த வரிசையில் போங்கள்.

1. எதில் தொடங்குவது

நம் டெல்டாவில் பழங்காசு என்றாலே மனசு சோழர் பக்கம் போய்விடும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட சின்னச் சின்ன வெள்ளி ராயலின் காசுகளும் உண்டு. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். எல்லாம் அழகுதான். ஆனால் தொடக்கத்தில் அவை வேண்டாம். நல்ல நிலையில் கிடைப்பது அரிது, போலியைக் கண்டுபிடிக்கவும் அனுபவம் வேண்டும்.

தொடங்க ஏற்றது 1912 முதல் 1920 வரையான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ஏராளமாக அடிக்கப்பட்டதால் புழங்காத நிலையிலும் கிடைக்கிறது. எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம், மீதி பெரும்பாலும் செம்பு. பூப்பக்கத்தின் அடியில் ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா.

1911-ஆம் ஆண்டுக் காசுக்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, காசைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911 விலை கூடியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1940 முதல் 1945 வரையான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். செம்போடு நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. நிறமும் பெரும்பாலும் மங்கலான பழுப்பாக ஏறும். 1947-இல் வந்த புலி போட்ட ரூபாய் முழுக்க நிக்கல். அதை வெள்ளி என்று விற்றால் வாங்க வேண்டாம்.

2. எடை, காந்தம், தண்ணீர்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கொஞ்சம் தேய்ந்த காசு 11.5 வரை இறங்கலாம். தேய்மானமே தெரியாத காசு 11 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டக் கூடாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் பக்கம் காட்டும். நிறம் அழகாக ஏறிய காசுக்கு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நூல் உரசும்.

மறக்காமல் விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். நம் வீடுகளில் இந்த ரூபாயை வளையம் பற்றவைத்து மாலையாகப் போட்டிருக்கிறார்கள். கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் பற்கள் மழுங்கி, ஈயம் மாதிரி ஒரு திட்டு இருந்தால் அது பற்றவைத்த தடம். குடும்பக் காசு என்றால் பொக்கிஷம். விலை கொடுத்து வாங்குவதற்கு வேண்டாம்.

3. ஒளியை ஓடவிட்டுப் பார்ப்பது

இதுதான் முக்கியமான பாடம். ஒரு மாதம் இதை மட்டும் பழகினாலும் போதும்.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். மேசை விளக்கு ஒன்று போதும். கீழே ஒரு மெத்தென்ற துண்டு. காசை விளிம்பில் மட்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். அதன் மேல் குனிந்து பேச வேண்டாம், எச்சில் துளி பட்டால் பின்னாளில் கரும்புள்ளியாகும்.

இப்போது மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசாக இருந்தால், நடுவிலிருந்து விளிம்பு வரை இரண்டு ஒளிக் கீற்றுகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிச் சுற்றிவரும். சேகரிப்பவர்கள் இதை லஸ்டர் என்பார்கள். அச்சு ஓங்கி அடிக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. நாற்று நட்ட வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பஸ் நகர நகர வரிசைகள் விசிறி மாதிரி விரிந்து சுழலும். அந்த அசைவேதான் இதுவும்.

திருநீறு, புளி, பற்பசை, பாலிஷ் துணி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் முதலில் போவது இந்த வரிகள்தான். தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் சாய்த்தால் ஒளி ஓடாது. கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் நின்று மின்னும். இந்த இரண்டு பளபளப்புக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

4. தரம் பார்ப்பது

உலகம் முழுக்க 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் ஷெல்டன் அளவுகோல் நடப்பில் இருக்கிறது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் இந்த முறையில் தரம் போட்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. நமக்கு இப்போது அந்தச் செலவு தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

ஜார்ஜ் ரூபாயில் முதலில் தேய்கிற மேடுகள்: புருவம், மீசை, காது, கிரீடத்தின் முத்துகள், அங்கியில் இருக்கும் யானை. அந்த மேடுகளில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மந்தமாக இருந்து, பள்ளங்களில் ஒளி ஓடினால், கொஞ்சம் புழங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேட்டிலும் ஒளி தடையில்லாமல் ஓடினால் அது புழங்காத காசு. சாக்கில் காசோடு காசு மோதிய சின்னச் சின்ன வெட்டுகள் அதிலும் இருக்கும். அது குறை இல்லை. கன்னத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு உயர்ந்த தரம்.

5. நிறம் எப்படி ஏறுகிறது

வெள்ளி சாதாரணக் காற்றில் துருப்பிடிக்காது. காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோடு, ஈரமும் சேர்ந்தால், மேலே வெள்ளி சல்பைடு படலம் உருவாகிறது. இதைத்தான் டோனிங் என்கிறோம். தொடக்கத்தில் அந்தப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும், அதற்கு அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் அடங்கி, சில நிறங்கள் எழுகின்றன. ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டில் தேங்கிய தண்ணீரில் டீசல் மிதந்து வானவில் காட்டுமே, அதே கணக்கு. காசில் சாயம் ஏதும் இல்லை. தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது.

அதனால் நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெளிர் பொன். பிறகு செம்பு கலந்த சிவப்பு, கத்தரிப்பூ, அடர்நீலம், வெளிர் நீலம். படலம் இன்னும் தடித்தால் மறுபடி மஞ்சளில் தொடங்கி, சிவப்பு, பச்சை என்று இரண்டாம் சுற்று. கடைசியில் கரும்சாம்பல். தாளிலோ அட்டையிலோ செருகி வைத்த காசில் கந்தகம் விளிம்பு வழியாக நுழைவதால், விளிம்பு வரிசையில் முன்னால் போயிருக்கும், நடு பின்தங்கியிருக்கும். அப்பாயி முடிந்து வைத்த ரூபாயில் நடுப் பொன், அடுத்து கத்தரிப்பூ, விளிம்பில் நீலம் என்று இருந்ததைச் சொன்னேன் அல்லவா? வரிசை அப்படியே இருக்கிறது.

நல்ல டோனிங் எது? என் கணக்கில், நிறத்துக்கு அடியிலிருந்து அந்த ஆரக்கால் ஒளி எழுந்து வர வேண்டும். நேராகப் பார்த்தால் மந்தமாக இருக்கும் காசு, சாய்த்ததும் மயில் கழுத்து மாதிரித் திறந்துகொள்ளும். ஒளியை அமுக்கிவிட்ட கரும்படலம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் எனக்கு ஈர்ப்பில்லை. சிலருக்குத் துளி நிறமும் இல்லாத வெள்ளைக் காசுதான் பிடிக்கும். அதிலும் தப்பில்லை, அது தேய்த்தோ அமிலத்தில் முக்கியோ எடுத்த வெள்ளையாக இல்லாதவரை.

6. செயற்கை நிறம்

விலை கூடுகிறது என்பதால் சூடு காட்டியும், கந்தக மருந்து பூசியும் நிறம் ஏற்றுகிறார்கள். மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, வரிசை: வெறும் வெள்ளிக்கு ஒட்டினாற்போல் பச்சையோ நீலமோ இருந்து, நடுவில் பொன்னும் கத்தரிப்பூவும் காணாமல் போயிருந்தால் நம்ப வேண்டாம். இரண்டு, எழுத்தின் ஓரங்கள்: மருந்து வழிந்து தேங்கிய மாதிரித் திட்டு இருக்கும். மூன்று, கீறல்கள்: தேய்த்த காசுக்குப் பிறகு நிறம் ஏற்றினால், நிறத்துக்கு அடியில் ஒரே திசைக் கோடுகள் தெரியும். நான் தேய்த்த காசிலும் இப்போது லேசாகப் பொன் ஏறியிருக்கிறது. கீறலை அது மறைக்கவில்லை.

7. எங்கே வாங்குவது

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு சின்ன வெள்ளிக் கடை. உருக்குவதற்கு என்று ஒதுக்கிய தட்டில் அறுந்த கொலுசு, உடைந்த குங்குமச் சிமிழ், நடுவில் ஏழெட்டு ரூபாய். ஒன்றை விளக்கின் கீழே சாய்த்தேன். சாம்பலுக்கு அடியிலிருந்து ஒளி ஓடியது. எடை போட்டார் பத்தர்.

"பாலிஷ் போட்டுத் தரட்டுமா தம்பி? புதுசு மாதிரி ஆயிடும்."

"வேண்டாங்க ஐயா, இப்படியே குடுங்க."

அவர் அன்பாகத்தான் கேட்டார். பாத்திரத்துக்கும் நகைக்கும் அது சரியான கேள்விதான். அதனால் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விலைக்கு ஓர் அடிக்கணக்கு: ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உருக்கு விலை வந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பது எல்லாம் தரத்துக்கும் நிறத்துக்கும். முதல் ஆண்டு ஒரே காசுக்குப் பெரிய தொகை போடாதீர்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வாய்க்கால் வெட்டும்போதோ கொல்லையில் தோண்டும்போதோ புதையல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

8. வைத்துக் காப்பது

நம் ஊரில் பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்று வேறு.

வழவழப்பான, வாசனை அடிக்கும் பிவிசி உறை கூடவே கூடாது. அது நாள்பட்டால் பச்சைப் பசை கக்கும். மைலார் என்ற பாலியஸ்டர் உறை அல்லது காசின் அளவுக்குச் செய்த கெட்டியான வட்டக் கூடு வாங்குங்கள். அவற்றை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு இரும்பு பீரோவில் வையுங்கள். சிலிக்கா நிறம் மாறினால் சூடு காட்டிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. காசின் குறுக்கே கறுப்புக் கோடு போட்டுவிடும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், கற்பூரப் புகை சூழும் பூஜை அறையும் வேண்டாம்.

பச்சைப் பசை ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் அல்ல. ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பு, விளக்கு பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறப்போட்டு, எடுத்து, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, தானாக உலரவிடுங்கள். பஞ்சால்கூடத் தேய்க்க வேண்டாம். இது பசையைத்தான் கரைக்கும். சல்பைடு நிறத்தைத் தொடாது.

9. ஒரு நோட்டு

வாங்கிய அன்றே எழுதுங்கள்: ஆண்டு, அக்கசாலை (காசு அடித்த இடம்), எடை, எங்கே கிடைத்தது, நிறம் எந்த இடத்தில் என்ன. தை பிறந்து ஈரம் வடிந்ததும் டப்பாவைத் திறந்து, அதே விளக்கில், அதே கோணத்தில் ஒரு முறை ஒப்பிடுங்கள். நிறம் வேகமாக மாறியிருந்தால் டப்பாவுக்குள் எதுவோ சரியில்லை.

என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: "1919. கல்கத்தா. 11.64 கிராம். அப்பாயி பெட்டி. தலைப்பக்கம் நடுவில் பொன், விளிம்பில் நீலம், கன்னத்தில் துணித் தடம். வேண்டுதல் பணத்தை அப்பா திருப்பதி உண்டியலில் சேர்த்துவிட்டார். மஞ்சள் துணி தனி உறையில்."