கர்வம் பிடித்த வீரனைத் தலைவனாக வளர்த்து எழுதுவது எப்படி

காப்பிய பாணியில் நாவல் எழுதுகிறவர்கள் கைப்பிரதியை என்னிடம் கொடுத்தால், நாயகன் முதன்முதலில் தோற்கும் அத்தியாயத்தைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன். பெரும்பாலும் அங்கே ஒரு முனிவர் நாலு பக்கத்துக்கு உபதேசம் செய்துகொண்டிருப்பார். மறுநாள் காலையில் நாயகன் ஞானியாக எழுந்திருப்பான். அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிடச் சொல்வேன்.

அவனுடைய கர்வத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மெசபடோமியாவின் கில்காமேஷ் காப்பியத்தைப் பாருங்கள். ஊருக் நகரத்து மக்கள் தங்கள் அரசன் கில்காமேஷைப் பற்றித் தேவர்களிடமே முறையிடுகிறார்கள்: தகப்பனிடம் மகனை விட்டுவைப்பதில்லை, புதுமணப் பெண்ணையும் விட்டுவைப்பதில்லை. காவலாக இருக்க வேண்டிய பலம் ஊருக்குப் பாரமாகிவிட்டது. உங்கள் கதையிலும் அப்படி அடிபட்ட இரண்டு பேருக்காவது பெயரும் முகமும் கொடுங்கள். கடைசியில் அவர்கள் தேவைப்படுவார்கள்.

அப்புறம், அவனுக்கு நிகரான ஒருவன் வேண்டும். கில்காமேஷுக்கு அப்படி வருகிறவன் என்கிடு; முதலில் மல்லுக்கு நின்று, பிறகு நண்பனாகிறான். இந்தப் பகுதியை விரிவாக, சந்தோஷமாக எழுதுங்கள். வாசகர் அந்த நட்பை நேசித்தால்தான் அடுத்து வரும் இழப்பு உறைக்கும்.

இழப்பில் மட்டும் அவசரமே கூடாது. என்கிடு போர்க்களத்தில் சாகவில்லை, படுக்கையில் நோயாளியாகச் சாகிறான். வாளை வீச அங்கே எதிரியே இல்லை. ஆறு பகல் ஏழு இரவு கில்காமேஷ் உடலைப் புதைக்க விடாமல் அழுகிறான், அதன் மூக்கிலிருந்து புழு உதிரும்வரை. அதற்குப் பிறகும் அவன் பக்குவப்படுவதில்லை. தானும் சாக வேண்டுமே என்ற பயத்தில் காடுமேடெல்லாம் அலைகிறான். துக்கம் மனிதனை உடனே நல்லவனாக்கிவிடாது. அதற்கு முன் இன்னும் சுயநலக்காரனாக்கலாம். இதை மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்து ஒரு சின்னத் தோல்வி கொடுங்கள். சாவை வெல்லக் கிளம்பியவனைத் தூங்காமல் இருந்து காட்டச் சொல்கிறார், சாகாவரம் பெற்ற முதியவர் உத்னபிஷ்டிம். உட்கார்ந்தவுடனே தூங்கிவிடுகிறான். அவன் எத்தனை நாள் தூங்கினான் என்பதற்குச் சாட்சியாக, நாளுக்கொன்றாகச் சுட்டு வைத்த ரொட்டிகள் பக்கத்தில் காய்ந்து கிடக்கின்றன. எந்த உபதேசத்தையும்விட எனக்கு இந்த ரொட்டிகள் பிடிக்கும்.

பிறகு இளமை தரும் செடி கிடைக்கிறது. அதை அங்கேயே விழுங்காமல், ஊருக்குக் கொண்டுபோய் முதலில் ஒரு முதியவருக்குக் கொடுத்துப் பார்ப்பேன் என்கிறான். சோதித்துப் பார்க்கும் எச்சரிக்கை என்றும் இதை வாசிக்கலாம். ஆனால் ஊர் அவன் நினைவுக்கு வந்துவிட்டதே, எனக்கு அதுதான் திருப்பம். செடியைப் பாம்பு கொண்டுபோகிறது. வெறுங்கையோடு திரும்பியவன் கூட வந்த படகோட்டியிடம் ஊருக்கின் மதிலைக் காட்டி, ஏறி நடந்து செங்கல்லைப் பார் என்கிறான்.

உங்கள் நாயகனுக்கு இவ்வளவு நீண்ட பயணம் தேவையில்லாமலும் இருக்கலாம். கிரேக்கக் காப்பியமான இலியட்டில் ஒரே இரவு போதுமாக இருக்கிறது. மகனின் உடலைக் கேட்டு வந்த எதிரி நாட்டு அரசர், கிழவர் பிரியாமிடம், ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அந்த மகனைக் கொன்ற வீரன் அக்கிலீஸே கேட்கிறான். அத்தனை நாளும் போரை நிறுத்தி வைப்பதாக வாக்குக் கொடுக்கிறான்.

சரி, எழுதி முடித்ததும் கடைசி அத்தியாயத்தில் நாயகன் தன்னைப் பற்றிப் பேசும் வரிகளை அடித்துவிடுங்கள். முதலில் அடிபட்ட அந்த இரண்டு பேரில் ஒருவரை அவன் முன் கொண்டுவந்து நிறுத்தி, அவரை முதலில் பேச விடுங்கள்.