செம்பனை மரத்தடியில் எத்தனை உயிர்? பால் டின்னும் போத்தலும் வைத்து எண்ணிப் பார்க்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும், மட்டைக் குவியலில்தான் பூச்சி புழு அதிகம் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு அதிகம்? இரண்டு மடங்கா, பத்து மடங்கா? அதைச் சொல்ல ஒரு காலி பால் டின்னும் மினரல் தண்ணீர் போத்தலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள்கூட பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். எண்ணுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து நியாயமாக ஒப்பிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அந்த இடங்களில் மட்டும் நிதானமாக விளக்குகிறேன்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ரப்பர் காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் ஒப்பிடத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம், அது பிறகு. இரண்டு தோட்டம் என்றால் மண் வேறு, மேடு பள்ளம் வேறு, மரத்தின் வயது வேறு, போட்ட உரம் வேறு. எண்ணிக்கை வித்தியாசப்பட்டால் எதனால் என்று உங்களால் சொல்லவே முடியாது.

ஒரே செம்பனை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி இருக்கும், அந்த இடத்துக்குள்ளேயே மூன்று விதமான தரை கிடைத்துவிடும். ஒன்று மரத்தடி வட்டம்: உதிரிப் பழம் பொறுக்க வசதியாக மருந்து அடித்துப் புல் இல்லாமல் வைத்திருப்பார்கள். இரண்டாவது பழம் இறக்குகிற பாதை, தள்ளுவண்டி ஓடி ஓடி இறுகிப்போனது. மூன்றாவது, வெட்டிய மட்டைகளை இரண்டு வரிசைக்கு நடுவே அடுக்கிய குவியல். மூன்றுக்கும் ஒரே மழை, ஒரே வெயில், அனேகமாக ஒரே மண். ஆகவே வித்தியாசம் தெரிந்தால், அந்தத் தரையை மனிதன் நடத்துகிற விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான்: வட்டம், பாதை, குவியல், மூன்றில் எதில் சிற்றுயிர் அதிகம்?

ஐந்து மரங்கள் போதும். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நம் கண் எப்போதும் நல்ல ஈரமான கொழுத்த குவியலைத்தான் தேடிப் போகும். வரிசையில் உள்ள மரங்களுக்கு எண் கொடுத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள்.

போவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். மருந்து எப்போது அடித்தார்கள் என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள், அடித்த கையோடு அந்த வட்டத்தில் மண் எடுக்க வேண்டாம். பூட்ஸ், ரப்பர் கையுறை இரண்டும் கட்டாயம். எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சலும், மண்ணில் இருக்கும் கிருமி புண் வழியாக ஏறி வரும் மெலியோய்டோசிஸும் நம் நாட்டில் இருக்கிற நோய்கள்தான், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு மண்ணைத் தொடாதீர்கள். மட்டைக் குவியலில் கைவிடுமுன் நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள். எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும்.

டின்

கெட்டிப்பால் டின் ஒன்றை எடுத்து மேலும் கீழும் மூடியை வெட்டிவிடுங்கள். விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுங்கச் செய்யுங்கள், கை கிழியக்கூடாது. வாயின் குறுக்களவு ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் இருக்கும், நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு கணக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கப் போகிறது. வெளிப்புறத்தில் கீழிருந்து 5 சென்டிமீட்டரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

தரையில் கிடக்கும் சருகை ஒதுக்காமல் அப்படியே அதன்மேல் டின்னை வையுங்கள், பாதி உயிர்கள் அந்தச் சருகில்தான் இருக்கின்றன. குவியலில் மேலே காய்ந்து கிடக்கும் முழு மட்டைகளை மட்டும் தூக்கி வைத்துவிட்டு, அடியில் மக்கிக் கறுத்துப்போன பகுதியில் இறக்குங்கள். டின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் கோடு வரை இறங்கிவிடும். பாதையில் மண் கல் மாதிரி இருக்கும், அங்கே கொஞ்சம் பாடுபட வேண்டும், ஆனால் 3 சென்டிமீட்டர் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள், ஆழம் மாறினால் ஒப்பீடு போயிற்று. கீழே கரண்டியைச் செருகி முழுசாகத் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள்.

ஒரு மரத்தின் மூன்று டின்களையும் ஒரே காலையில் எடுக்க வேண்டும். மதிய வெயிலில் மேல்மண் சூடானால் பல உயிர்கள் கீழே இறங்கிவிடும், வட்டத்தில் காலையிலும் குவியலில் மதியத்திலும் எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது நேரத்தைத்தான், இடத்தை இல்லை. பைகளைக் காருக்குள் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். அடுத்த படியில் உயிரோடு நடந்து வெளியே வருபவை மட்டும்தான் நம் கணக்கில் சேரும்.

போத்தல் புனல்

இது பழைய உத்தி. இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே 1905ல் சூடான புனல் ஒன்றை அமைத்தார், சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரன் 1918ல் அதில் விளக்கைச் சேர்த்தார். மேலிருந்து சூடும் வெளிச்சமும் வந்தால், மண்ணுயிர்கள் ஈரத்தையும் இருட்டையும் தேடிக் கீழே இறங்கும், இறங்கி இறங்கிக் கடைசியில் பாத்திரத்தில் விழும்.

1.5 லிட்டர் போத்தலைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துக் கீழ்ப்பாதிக்குள் சொருகினால் அதுதான் புனல். மூடி வேண்டாம். புனலுக்குள் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையை வட்டமாக வெட்டி வையுங்கள். கொசுவலை போட்டால் பெரிய எறும்பும் மரவட்டையும் மேலேயே நின்றுவிடும். மண் கட்டியைத் தலைகீழாக, சருகுப் பக்கம் கீழே இருக்கும்படி வலைமேல் மெதுவாக வையுங்கள், அவை ஏற்கெனவே போட்டு வைத்த வழியிலேயே இறங்கி வரட்டும். அடியில் ஒரு விரல் உயரம் 70 விழுக்காடு ஸ்பிரிட் ஊற்றுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். கொல்ல மனமில்லை என்றால் ஈர டிஷ்யூ வைத்து, தினமும் எண்ணிவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். சின்னப் பிள்ளைகளோடு செய்யும்போது நான் இதைத்தான் சொல்வேன்.

மேலே 25 வாட் பழைய வகை மஞ்சள் பல்பு, ஒரு சாண் உயரத்தில். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் இருக்கும், தேவையான சூடு இருக்காது. ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள், ஆகவே பல்பு சருகைத் தொடாமலும் ஆள் இல்லாத வீட்டில் எரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக வைத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தவறு, மண் வேகமாகக் காய்ந்தால் மெதுவாக நகர்கிறவை வழியிலேயே செத்துவிடும். நான்கைந்து நாள் விடுங்கள். மூன்று விளக்குதான் இருக்கிறது என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொண்டு, அதன் மூன்று டின்களையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

எண்ணுதல்

வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள், கைப்பேசியில் மாட்டும் லென்ஸும் போதும். முதலில் ஸ்பிரிட்டின் மேல்பரப்பைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் மிதப்பவை ஸ்பிரிங்டெயில்கள், அவற்றின் தோலில் நீர் ஒட்டாது. உயிரோடு இருக்கும் ஒன்றைத் தூரிகை நுனியால் தொட்டால் தட்டிலிருந்து காணாமல் போய்விடும். வயிற்றுக்கு அடியில் ஒரு கவட்டை மடிந்து கொக்கியில் பூட்டியிருக்கும், பூட்டு விட்டதும் அது தரையில் அடித்து உடலைத் தூக்கி எறிகிறது. அடியில் குண்டூசித் தலை மாதிரி பளபளவென்று பழுப்பாகக் கிடப்பவை சிற்றுண்ணிகள், எட்டுக் கால் இருக்கும். அப்புறம் எறும்பு, மரவட்டை, பூரான், வண்டுப் புழு, கறையான். இனம் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், இந்தக் குழுக்களாகப் பிரித்தாலே போதும், தெரியாததை 'மற்றவை' என்று போடுங்கள். ஒரே ஆள் எல்லாத் தட்டையும் எண்ணுவது நல்லது.

கணக்கு: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

எடுத்துக்காட்டுக்கு, பாதையில் ஐந்து டின்களில் 12, 9, 15, 11, 240 என்றும், குவியலில் 31, 44, 28, 39, 36 என்றும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் பாதைக்கு 57.4, குவியலுக்கு 35.6. பாதைதான் ஜெயித்தது! ஆனால் அந்த 240ஐப் பாருங்கள், டின் ஓர் எறும்புப் புற்றின்மேல் இறங்கியிருக்கிறது. வரிசையாக அடுக்கி நடுவில் வரும் எண்ணை எடுத்தால் பாதைக்கு 12, குவியலுக்கு 36, மூன்று மடங்கு. சிற்றுயிர்கள் சமமாகப் பரவி வாழ்வதில்லை, கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கும், அதனால் சராசரியை மட்டும் நம்பாமல் நடு எண்ணையும் எழுதுங்கள். 240ஐ அழித்துவிடவும் கூடாது, அதுவும் உண்மைதான். எறும்பைத் தனியாக ஒரு நிரலில் போட்டால் இரண்டும் தெளிவாகிவிடும். ஒரு டின்னோடு முடிவு கட்டக்கூடாது என்பதும் இதனால்தான்: அந்த ஒன்று புற்றின்மேல் விழுந்திருந்தால்?

சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 7.5 சென்டிமீட்டர் வாய் என்றால் பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர், ஒரு சதுர மீட்டரில் இப்படி 226 வட்டப் பரப்பு அடங்கும். 36ஐ 226ஆல் பெருக்கினால் 8,136. இதை 'சுமார் 8,000' என்று எழுதுங்கள், கடைசி 136க்கு எந்தப் பொருளும் இல்லை.

புனலில் விழாதவை

நூற்புழுக்கள் மண் துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் வாழ்பவை, காய்ந்தால் இறங்கி வராது, இருந்த இடத்திலேயே சுருண்டுவிடும். அவற்றுக்கு ஈரப் புனல் வேண்டும். புனல் காம்பில் ரப்பர் குழாய் மாட்டிக் கிளிப் போட்டு, நீர் நிரப்பி, மண்ணை டிஷ்யூவில் பொதிந்து நீரில் தொடும்படி ஓர் இரவு வைத்தால், அவை நெளிந்து வெளியே வந்து அடியில் சேரும். காலையில் முதல் சில சொட்டுகளை நுண்ணோக்கியில் பாருங்கள். அன்றைய டச்சுக் கிழக்கிந்தியாவில் (இன்றைய இந்தோனேசியா) வேலை பார்த்த பேர்மன் என்ற மருத்துவர் 1917ல் வெளியிட்ட முறை இது. மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார், வெறுங்காலோடு தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர்களின் இரத்தத்தைக் குடித்த அதே புழு. கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பாக்டீரியாவை வீட்டில் வளர்த்து எண்ண வேண்டாம், அது பள்ளி ஆய்வுக்கூட வேலை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் இருப்பதால் பத்துப் பத்து மடங்காக நீர்த்துத் தட்டில் வளர்ப்பார்கள், அப்படியும் பெரும்பாலானவை தட்டில் வளருவதே இல்லை.

எண்ணிக்கை அதிகம் என்றால் எடையும் அதிகம் என்று அர்த்தமில்லை, ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். உலகத்து எறும்புகளை 2022ல் மதிப்பிட்டார்கள்: 20க்குப் பின்னால் 15 சுழியம். மண்ணில் உள்ள நூற்புழுக்களை 2019ல் மதிப்பிட்டபோது வந்தது 44க்குப் பின்னால் 19 சுழியம், அதாவது ஓர் எறும்புக்கு 22,000 நூற்புழு. ஆனால் உடலில் உள்ள கார்பனை எடை போட்டால் எறும்புகள் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன், நூற்புழுக்கள் சுமார் 3 கோடி டன். 22,000 மடங்கு என்பது இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது! உங்கள் தட்டிலும் அப்படித்தான், நூறு சிற்றுண்ணியைவிட ஒரு மரவட்டை கனமாக இருக்கலாம். அட்டவணையில் நீங்கள் எதை ஒப்பிட்டீர்கள் என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மண் பிடிக்காதவர்களுக்கு

மேலே பாருங்கள். செம்பனையின் ஆண் பூங்கொத்து விரிந்தால் சோம்பு வாசம் வரும், கதிர் முழுவதும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் கறுப்பு வண்டுகள் மொய்க்கும். இவை 1981ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து நம் தோட்டங்களில் விடப்பட்டவை. அதற்கு முன் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தத் தூள் தூவ வேண்டியிருந்தது, வீட்டில் பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எண்ணுவது எளிது: தாழ்வான இளம் மரத்தில், பூ முழுக்க விரிந்த நாளில், ஒரு கதிருக்குச் சட்டென்று பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைக் கட்டி அறுத்துவிடுங்கள். ஒரே கொத்தில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று கதிர் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வண்டுகள் அசையாமல் நின்றுவிடும், எண்ணி முடித்து வெளியே வைத்தால் மறுபடி நடக்கத் தொடங்கும். மூன்றின் சராசரியை அந்தக் கொத்தில் உள்ள கதிர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அடுத்த மரத்திலும் பூ விரிந்த அதே கட்டத்தில், அதே நேரத்தில் எடுத்தால் மட்டுமே இரண்டையும் ஒப்பிடலாம்.